ஏலக்காய் முங்கிய டயர்

போன சனிக்கிழமை தேனி மதுரை ரோட்டில் ஒரு டயர் கடையில் நான் போட்ட சத்தத்தில், காபி மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் கையிலிருந்த காபியைத் தன் வெள்ளைச் சட்டையிலேயே ஊற்றிக்கொண்டார். அவரிடம் இங்கேயும் ஒருமுறை மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் சொன்னது ஒரே ஒரு சொல்தான். வேண்டாம். ஆனால் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கடைசி பெஞ்சுவரை கேட்கிற மாதிரி பேசியே பழகிய தொண்டை. கரண்ட் இல்லாத நாட்களில் மைக் இல்லாமலேயே பிரேயர் நடத்தியவள் நான்.

நடந்தது இதுதான். என் மகள் வங்கியில் வேலை பார்க்கிறாள். குமுளிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு கிளைக்கு அவளுக்கு மாற்றல் வந்துவிட்டது. நாங்கள் இப்போது கம்பத்தில் இருக்கிறோம். தினமும் காரிலேயே போய்த் திரும்பப் போகிறேன் என்றாள். பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற பொறுமை அவளுக்குக் கிடையாது, அதில் அப்படியே அவள் அப்பா. கார் தெரிந்தவர் ஒருவரிடம் வாங்கியது. வண்டி நல்ல வண்டி, டயர் நாலும்தான் வழுக்கை. "மலை ரோட்டுக்கு இது ஆகாதும்மா" என்று அவளே சொல்லி, மாற்றப் போகும்போது என்னையும் கூப்பிட்டாள். எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டதற்கு, "சும்மா, துணைக்கு" என்றாள். ஏன் கூப்பிட்டோம் என்று இப்போது நொந்துகொண்டிருப்பாள்.

டயர் கடை என்றால் கறுப்பாக, தரையெல்லாம் பிசுபிசுப்பாக இருக்கும் என்றுதான் நான் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். அது நகைக்கடை மாதிரி இருந்தது. கண்ணாடிக் கதவு, ஏசி, சோபா. கடையில் இருந்த தம்பி நல்ல பிள்ளை, விவரமாகப் பேசினார். முதலில் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். இந்த வண்டிக்கு இன்ன சைஸ் டயர், இவ்வளவு காற்று என்று கம்பெனியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். பிறகு டயருக்குப் பக்கத்தில் குந்தி, பக்கவாட்டில் புடைத்திருந்த எண்களை விரல் வைத்து வாசித்தார். நூற்றறுபத்தைந்து என்பது அகலம், மில்லிமீட்டரில். எண்பது என்பது உயரம். ஆனால் நேரடி உயரம் இல்லை, அகலத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு. பதினாலு என்பது உள்ளே இருக்கும் ரிம், அது மட்டும் அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டரையும் சதவீதத்தையும் அங்குலத்தையும் கலந்து எழுதிய மகராசன் யாரோ, என் வகுப்பில் படித்திருந்தால் முட்டி போட வைத்திருப்பேன். அடுத்து எவ்வளவு எடை தாங்கும் என்பதற்கு ஓர் எண், எவ்வளவு வேகம் தாங்கும் என்பதற்கு ஓர் எழுத்து. கடைசியாக ஒரு மூலையில் எந்த வாரம், எந்த வருஷம் செய்தது என்பதும் இருக்கிறது. "பாக்கப் பளபளன்னு இருந்தாலும் இதப் பாக்காம வாங்காதீக மேடம். ரப்பரு சும்மா கெடந்தாலே வயசாகிரும்" என்றார். எனக்கு ஏனோ என் முழங்கால் ஞாபகம் வந்தது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது அந்தத் தம்பி என் மகளைப் பார்த்து, "ஒரு சைஸ் கூட்டியும் போட்டுக்கலாம் மேடம். ரிம்மையும் மாத்திட்டா வண்டி கும்முனு இருக்கும். லுக்கே வேற" என்றார். அவள் கண் விரிந்ததைப் பார்த்தேன். அந்த நொடியில்தான் என் வாயிலிருந்து அந்த வேண்டாம் கிளம்பியது.

காபி கொட்டிக்கொண்ட பெரியவரைத் துடைத்து, உட்கார வைத்து, கடையில் எல்லாரும் தத்தம் வேலைக்குத் திரும்பிய பிறகு, அந்தத் தம்பி பொறுமையாகச் சொன்னார். கணக்குப் பார்த்துத்தான் கூட்டுவார்களாம், மொத்த உயரம் மாறாமல் பார்த்துக்கொள்வார்களாம், தப்பொன்றும் இல்லையாம். "ஸ்டீயரிங்க முழுசா ஒடிச்சா டயரு எங்கயாச்சும் உரசுமா?" என்று கேட்டேன். "உரசாது மேடம்" என்றார். "நெறைய ஆள ஏத்திக்கிட்டு ஏத்தத்துல முழுசா ஒடிச்சா?" அவர் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். "இது கார் மேடம்" என்றார். நியாயமான பதில்தான். ஆனால் நான் அப்போது காரில் இல்லை.

புது ரப்பர் வாசனைக்குப் பழைய இடத்துக்கே இழுத்துப் போகிற குணம் உண்டு. ஆனால் அந்தக் கடையில் அடித்தது எனக்கு முழு வாசனையாகப் படவில்லை, ஏதோ குறைந்தது. சோபாவில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சி உறிஞ்சி யோசித்தேன். டீசல், ஈரச் சாக்கு, பச்சை ஏலக்காய். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் என் மூக்குக்கு அது டயர் வாசனை. அந்தக் காலத்தில் நான் வேலைக்குப் போன ஒச்சப்பண்ணன் ஜீப்புக்குள் அப்படித்தான் அடிக்கும்.

கல்யாணமான புதிதில் நாங்கள் கூடலூரில் இருந்தோம். நீங்கள் குமுளிக்குப் போயிருந்தால் கூடலூரைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். பாதித் தூக்கத்தில் தாண்டியிருப்பீர்கள், அதனால் பார்த்திருக்க மாட்டீர்கள். விடியும் முன்னாலேயே அந்த ஊரில் ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். ஏலத்தோட்டங்களுக்குக் களையெடுக்க, காய் பறிக்க என்று பெண்கள் தூக்குவாளியோடு வந்து ஏறுவார்கள். மலைமேல் தோட்டத்துப் பிள்ளைகளுக்காக ஒரு தமிழ்ப் பள்ளி இருந்தது. அதில் எனக்குத் தற்காலிக டீச்சர் வேலை. பஸ்ஸில் போனால் குமுளியில் இறங்கி நெடுந்தூரம் நடக்க வேண்டும், போய்ச் சேர்வதற்குள் முதல் பீரியட் முடிந்திருக்கும். அதனால் நானும் அந்தப் பெண்களோடு ஒச்சப்பண்ணன் ஜீப்பில்தான் போவேன். எத்தனை பேர் ஏறுவோம் என்று செக்போஸ்ட்டில் கேட்டபோதே நாங்கள் சொன்னதில்லை, உங்களிடமும் சொல்லப் போவதில்லை.

நான் சொல்லப்போகிற வருஷம் எனக்கு ஆறு மாதம். அதற்கு முந்தின வருஷம் ஒரு பிள்ளை தங்கவில்லை, மூன்றாம் மாதமே போய்விட்டது. ஜீப்பில் குலுங்கிக் குலுங்கிப் போனதுதான் காரணம் என்று என் மாமியார் சொன்னார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று கம்பத்து டாக்டரம்மா சொன்னார். நான் பகலில் டாக்டரம்மாவை நம்பினேன், விளக்கை அணைத்த பிறகு மாமியாரை நம்பினேன். வேலையை விடவும் மனசில்லை. அந்த ஒரு வருஷத்தை நீண்ட விடுப்பில்லாமல் ஓட்டிவிட்டால் நிரந்தரமாக்கிவிடுகிறோம் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். பேறுகால விடுப்பெல்லாம் நிரந்தரமானவர்களுக்குத்தான். அந்த வருஷம் முடிவதும் என் பேறுகாலமும் ஏறக்குறைய ஒன்றாக வந்தன. ஆக, பிள்ளை பிறக்கும்வரை போயாக வேண்டும், பிள்ளையும் பிறந்தாக வேண்டும். இரண்டுமே அந்த ஜீப்பில்தான் உட்கார்ந்திருந்தன.

எனக்கு முன் சீட்டு. அந்த ஏற்பாட்டைச் செய்தது பவுன்தாயக்கா. அந்தப் பெண்கள் கூட்டத்துக்கு அவர்தான் தலைவி. யாருக்கு எந்தத் தோட்டம், யார் எந்த வரிசை, எந்த ஜீப்பில் ஏறுவது என்பதெல்லாம் அவர் சொல்வதுதான். ஐம்பதைத் தாண்டிய வயசு, ஒல்லி உடம்பு, ஆண்பிள்ளைச் சட்டை ஒன்றைச் சேலைக்கு மேல் மாட்டியிருப்பார். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே பேசுவதால் பாதி புரியாது, ஆனாலும் எல்லாரும் கேட்பார்கள்.

கூடலூர் ஜீப்காரர்கள் போலீசுக்குப் பயந்ததைவிட பவுன்தாயக்காவின் ஏலக்காய்க்குத்தான் அதிகம் பயந்தார்கள். சாரல் மழை தொடங்குவதற்கு முன்னால், ஒவ்வொரு ஜீப்காரரும் பட்டன் டயருக்கு மாறியாக வேண்டும். பட்டன் டயர் என்பது, ஓடுகிற பக்கமெல்லாம் கட்டை கட்டையாகப் புடைத்து, நடுவில் ஆழமான பள்ளம் விட்டிருக்கும் டயர். வழுவழு டயரை வைத்துக்கொண்டு தோட்டத்துச் சேற்றில் ஏற முடியாது. டயர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, அக்கா மடியிலிருந்து ஓர் ஏலக்காயை எடுத்து, அந்தப் பள்ளத்தில் படுக்க வைத்து விரலால் அமுக்குவார். காய் முழுசாக உள்ளே போய்விட்டால், "முங்கிருச்சு, ஏறுங்கடி" என்பார். காயின் முதுகு வெளியே தெரிந்தால் அந்த ஜீப்பில் அன்றைக்கு யாரும் ஏற மாட்டார்கள். டிரைவர் எவ்வளவு கெஞ்சினாலும் சரி. சோதனை முடிந்ததும் அந்தக் காயை ஊதிவிட்டு வாயில் போட்டுக்கொள்வார், அது வேறு விஷயம்.

ஒச்சப்பண்ணன் அந்த வருஷம் டயர் மாற்றியது ஊரே பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. குமுளியில் சுற்றுலாக்காரர்களைக் காட்டுக்குள் அழைத்துப் போகிற ஜீப்புகள் உண்டு. அந்த ஜீப்புகளுக்குப் பெரிய பெரிய டயராகப் போட்டு, வண்டியைத் தூக்கி நிறுத்தியிருப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்து அண்ணனுக்கு ஆசை. அங்கே ஒரு கூட்டாளி வண்டியை விற்கப் போகிறார் என்றதும், அந்த வண்டியின் நாலு டயரையும் வாங்கித் தன் ஜீப்பில் மாட்டிவிட்டார். பழைய நாலையும் அன்றைக்கே யாருக்கோ தள்ளிவிட்டார். புது டயர் அகலத்திலும் கூடுதல், உயரத்திலும் கூடுதல். திருப்பும்போது முன் சக்கரம் பக்கத்து ஸ்பிரிங் பட்டையில் உரசியிருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் சொன்னதும், அவர்கள் ஒரு போல்ட்டை முறுக்கி, ஸ்டீயரிங் அந்த அளவுக்கு ஒடியாதபடி செய்துவிட்டார்கள். உரசல் நின்றுவிட்டது என்று அண்ணன் சந்தோஷமாகக் கொண்டுவந்து நிறுத்தினார். சக்கரத்தை முழுசாக ஒடிக்க முடியாமல் போனால் மலையில் என்ன ஆகும் என்று அவரும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை அந்த ஜீப் வந்து நின்றதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மாப்பிள்ளைக் களை. பெண்கள் எல்லாரும் சுற்றிச் சுற்றி வந்து டயரைத் தொட்டுப் பார்த்தார்கள். பவுன்தாயக்கா காயை எடுத்து வைத்தார். காய் இருந்த இடமே தெரியவில்லை.

"ஏலே ஒச்சப்பா, ஏலக்கா என்னா, எலுமிச்சம்பழமே முங்கிரும் போலருக்கே!"

ஒருத்தி குலவை போட்டாள். அண்ணன் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். வண்டி உயர்ந்துவிட்டதால் படியில் கால் எட்டவில்லை. பக்கத்துப் பழக்கடையிலிருந்து ஒரு காலித் திராட்சைப் பெட்டியைக் கொண்டுவந்து போட்டு, அதில் ஏறி நின்று ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். என்னை இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளி ஏற்றினார்கள். மேலே உட்கார்ந்ததும் கூடலூரே தாழ்வாகத் தெரிந்தது. எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது என்று வையுங்கள்.

லோயர் கேம்ப் தாண்டி ஏற்றம் தொடங்கியது. இஞ்சின் வழக்கத்தைவிட முக்கியது. டயரின் வட்டம் பெரிசானால் ஏற்றத்தில் இழுவை குறையும் என்பதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த விஷயம். அப்போது, நாம்தான் கனத்துவிட்டோமோ என்று கூச்சமாக இருந்தது. அகலமான வளைவுகள் இரண்டில் வண்டி ஒருமாதிரி சுற்றி வந்துவிட்டது. அடுத்தது ஒடுக்கமான கொண்டை ஊசி. அண்ணன் ஸ்டீயரிங்கை ஒடித்தார், ஒடித்தார், பிறகு அது ஒடியவில்லை. வண்டி பாதிதான் திரும்பியிருந்தது. எங்கள் மூக்குக்கு நேராகப் பாறை.

ரிவர்ஸ் எடுத்துத்தான் திருப்ப வேண்டும். பின்னால் சரிவு. அதற்குக் கீழே, நாங்கள் ஏறி வந்த ரோடு ரிப்பன் மாதிரி தெரிந்தது. அந்தக் காலத்து ஜீப்பில் ஹேண்ட் பிரேக் என்பது சும்மா ஒரு கம்பி. அண்ணன் கியரை மாற்றுவதற்குள் வண்டி பின்னால் உருளத் தொடங்கியது. யாரும் கத்தவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அத்தனை பேரும் மூச்சை இழுத்துப் பிடித்த சத்தம் மட்டும் கேட்டது. நான் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். கம்பியைப் பிடிக்கத் தோன்றவில்லை. பின்சக்கரம் ரோட்டோரத்து வெள்ளைக் கல்லில் மோதி, கல் ஒருபக்கமாகச் சாய்ந்து, வண்டி நின்றது.

"கல்லக் குடுங்கடி! சக்கரத்துக்குக் கல்லக் குடுங்க!"

பவுன்தாயக்கா எப்போது குதித்தார் என்று தெரியாது. பெண்கள் பின்னாலிருந்து பொலபொலவென்று இறங்கி, கிடைத்த கல்லையெல்லாம் உருட்டி வந்து டயருக்கு முட்டுக் கொடுத்தார்கள். எல்லாரும் இறங்கியாகிவிட்டது. நான் மட்டும் மேலே இருந்தேன். திராட்சைப் பெட்டி கூடலூரிலேயே கிடந்தது. என் பக்கம் வண்டி தூக்கிக்கொண்டு நின்றதால் தரை எங்கோ இருந்தது. குதிக்க முடியாது. "டீச்சர், நீங்க அசையாதீக" என்று அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அவர் காலை பிரேக்கிலிருந்து எடுக்க முடியவில்லை.

பவுன்தாயக்கா என் பக்கம் வந்தார். மேலே பார்த்தார். வெற்றிலையைத் துப்பினார். பிறகு தரையில் கையை ஊன்றி, முதுகைக் கொடுத்துக் குனிந்துகொண்டார்.

"கால வச்சு எறங்கு தாயி."

"அக்கா, வேணாங்க்கா, ஒங்க மேல எப்புடி..."

"ரோசனைய வீட்டுல போயிப் பண்ணு. கால பையப் பைய வையி. எறங்கு."

செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் வைத்தேன். அந்த நேரத்திலும் செருப்பைக் கழற்றத் தோன்றியிருக்கிறது பாருங்கள். எலும்பு எலும்பாக இருந்த அந்த முதுகு ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை. அடுத்த காலைத் தரையில் வைத்தபோது இரண்டு பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டு போய்ப் பாறையில் சாய்த்து நிறுத்தினார்கள். வயிற்றில் அசைவே இல்லை. நான் மூச்சு விடாமல் காத்திருந்தேன். சுற்றி நின்றவர்களுக்கும் புரிந்துவிட்டது. பிறகு உள்ளேயிருந்து ஓர் உதை. அப்படி ஓர் உதை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

"ஒதைக்கிதா? ஒதைக்கட்டும்" என்றார் பவுன்தாயக்கா, முதுகைத் தடவிக்கொண்டே. "ஒச்சப்பனுக்கு விட வேண்டியத ஒனக்கு விடுது." அழுதுகொண்டிருந்த நானே சிரித்துவிட்டேன். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். பயம் போன பிறகு வருகிற சிரிப்பு இருக்கிறதே, அதை அடக்கவே முடியாது.

அண்ணனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "நான் என்னா வேணும்னா செஞ்சேன்? முங்கிருச்சுன்னு நீங்கதான சொன்னீக?" என்று கத்தினார். சொன்னதும் நாங்கள்தான், குலவை போட்டதும் நாங்கள்தான். பவுன்தாயக்கா, "ஏலக்கா ஆழத்தத்தான்டா பாக்கும்" என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

குமுளிவரை காலி ஜீப்பை அண்ணன் ஒவ்வொரு வளைவிலும் முன்னும் பின்னும் இழுத்துத் திருப்பிக் கொண்டுபோனார். நாங்கள் நடந்தோம். மேலேயிருந்து இறங்கிவந்த ஒரு கேரளா பஸ் அவருக்காக நின்று நின்று அலுத்துப்போய், கண்டக்டர் தலையை நீட்டி, "எந்தா சேட்டா, இது ஆனயாணோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். யானைகூட நின்ற இடத்தில் திரும்பும்.

கூடலூரில் சேதி எப்படித்தான் பரவுமோ, சாயங்காலம் நான் பஸ்ஸில் வந்து இறங்குவதற்குள் மாமியாருக்குத் தெரிந்திருந்தது. "போதும். நாளையில இருந்து போக வேணாம்" என்றார்கள். "அத்தை, வேல போயிரும்" என்றேன். "வேல போனா வேற வேல வரும்" என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். அந்த மீதி இரண்டு பேருக்குமே தெரியும். தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போன என் கணவர் திரும்பி வரவே இல்லை. பவுன்தாயக்காதான் அன்று பொழுது சாய வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றபடியே பேசினார். "அந்த டயர மாத்தாம நாங்களே ஏற மாட்டோம். மாத்துனதும் நீங்க வந்து ஒங்க கண்ணால பாருங்க. வேணாம்னு தோணுச்சுன்னா டீச்சர அனுப்பாதீக."

ஒச்சப்பண்ணன் லேசில் விடவில்லை. பழகினால் சரியாகிவிடும் என்று இரண்டு நாள் அடம் பிடித்தார். சந்தைத் திடலில் வட்டமடித்துக் காட்டு, ஒரே வீச்சில், ரிவர்ஸ் போடாமல் என்றார் பவுன்தாயக்கா. அடித்தார். திடல் முழுக்க ஒரு சுற்றுப் போய், கடைசியில் முருங்கைக்காய்க் கட்டுகள் மேல் ஏறி நின்றார். முருங்கைக்காய்க்காரர் திட்டியதை நான் இங்கே எழுத முடியாது. மறுநாள் அண்ணன் தேனிக்குப் போய், அந்த ஜீப்புக்கு உரிய சைஸிலேயே நாலு பட்டன் டயர் வாங்கி மாட்டி, அந்த போல்ட்டையும் தளர்த்திக்கொண்டு வந்தார். பஸ் என்றால் சரி என்று மாமியார் விட்டதால், அந்த வாரம் முழுக்க நான் பஸ்ஸில் போய், நடந்து, மூச்சு வாங்க முதல் பீரியடைப் பாதியில் பிடித்தேன். தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்ப்பார், என்னைப் பார்க்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை திடலில் திராட்சைப் பெட்டிகளை வட்டமாக அடுக்கினார்கள். மலை வளைவு எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. பாரத்தோடு திரும்ப வேண்டும் என்று பெண்கள் எல்லாரும் ஏறிக்கொண்டார்கள். நான் மாமியாருக்குப் பக்கத்தில் நின்றேன். அவர்கள் என் கையைப் பிடித்திருந்தார்கள், அந்தப் பிடியே வலித்தது. முதலில் ஏலக்காய். முங்கியது. பிறகு வட்டம். அண்ணன் ஒடித்து, ஒரே சுற்றில், ஒரு பெட்டியைக்கூடத் தொடாமல் கொண்டுவந்து நிறுத்தினார். ஜீப்புக்குள்ளிருந்து குலவைச் சத்தம். என் மாமியார் அசையவில்லை.

"இந்தப் பக்கம் சுத்திருச்சு. அந்தப் பக்கம்?"

அது யாருக்கும் தோன்றவில்லை. அண்ணன் மறுபேச்சுப் பேசாமல் வண்டியைத் திருப்பி, எதிர்ப்பக்கமாகவும் சுற்றிக் காட்டினார். பெட்டிகள் அப்படியே இருந்தன. மாமியார் என் கையை விட்டார்கள்.

"சரி. முன் சீட்டுல ஒக்காரு. கம்பியப் புடிச்சுக்க."

எனக்கு அப்போது ஏற்பட்ட நிம்மதியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒரு வாரமாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த மூட்டையை இறக்கிவிட்டு நிற்கிற மாதிரி இருந்தது. பிரசவத்துக்கு முந்தின வாரம்வரை அந்த ஜீப்பில்தான் போனேன். ஒவ்வொரு வளைவிலும் பின்னாலிருந்து ஒரு குரல், "பையப் போடா ஒச்சப்பா" என்று சொல்லும். கம்பத்தில் மகள் பிறந்தாள். வேலையும் நிரந்தரமானது. அதற்குப் பிறகுதான், விளக்கை அணைத்த பிறகும் டாக்டரம்மாவை நம்பத் தொடங்கினேன்.

இதையெல்லாம் டயர் கடை சோபாவில் உட்கார்ந்து மகளிடம் சொன்னேன். அன்றைக்கு அந்த வளைவில் உதைத்தது தான்தான் என்று அவளுக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. "இத ஏம்மா இத்தன வருசமாச் சொல்லல?" என்றாள். சொல்லியிருக்கலாம். சொன்னால் பயம் அவளுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்திருப்பேன். கடைத் தம்பியும் ஒரு காதை எங்கள் பக்கமே வைத்திருந்தார் போலிருக்கிறது. கம்பெனி ஸ்டிக்கரில் இருந்த அதே சைஸில், மழைத் தண்ணீர் வெளியேற நல்ல வரிப்பள்ளம் உள்ளதாக, இந்த வருஷத்து டயர் நாலைத் தானே எடுத்து வைத்தார். லுக்கைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை முதல் நாள். வாசலில் நின்று கையாட்டி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. நானும் வருகிறேன், பஸ்ஸில் திரும்பிக்கொள்கிறேன் என்று ஏறிவிட்டேன். கூடலூரில் அந்தச் சந்தைத் திடல் இருந்த இடத்தில் இப்போது கடைகளாகக் கட்டிவிட்டார்கள். ஒச்சப்பண்ணன் ஜீப்பை விற்றுவிட்டு மகனோடு திருப்பூர் போனவர் போனவர்தான். பவுன்தாயக்கா இல்லை. என் மாமியாரும் இல்லை. இப்போதும் விடியலில் ஜீப்புகள் கிளம்புகின்றன, பெண்கள் ஏறுகிறார்கள். யாரும் குனிந்து டயரைப் பார்த்ததாகத் தெரியவில்லை. எல்லாருக்கும் அவசரம்.

லோயர் கேம்ப் தாண்டியதும், "அந்த எடம் வந்தாக் காட்டும்மா" என்றாள். காட்டுகிறேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு வளைவு வந்தது. "இதா?" என்றாள். இல்லை, இது அகலமானது என்றேன். அடுத்தது வந்தது. அதுவும் அகலமாக இருந்தது. ரோட்டை விரித்துப் போட்டிருக்கிறார்கள். பாறைகளை வெட்டி உள்ளே தள்ளியிருக்கிறார்கள். வெள்ளைக் கற்கள் நின்ற ஓரத்தில் கான்கிரீட் சுவர், அதில் வெளிச்சம் பட்டால் மின்னுகிற சிவப்புச் சில்லுகள். அவள் பேசிக்கொண்டே திருப்பினாள், கார் சத்தமில்லாமல் திரும்பியது. நான் ஒவ்வொரு வளைவிலும் அந்தப் பாறையைத் தேடினேன். நான் சாய்ந்து நின்று காத்திருந்தது எந்த இடம் என்று தேடினேன். இது இல்லை, அடுத்தது, அடுத்தது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கை மட்டும் தன்பாட்டுக்கு என் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதைக் குமுளி செக்போஸ்ட் தெரிந்த பிறகுதான் கவனித்து எடுத்தேன்.

"குமுளி வந்துருச்சும்மா. எங்கம்மா அந்த வளைவு?" என்றாள்.

"காணோம்டி" என்றேன். சொன்ன பிறகு, அப்பாடா என்றிருந்தது.